குறி தப்பியது யாரால்?

மாசி மாதம் திண்டுக்கல் கோட்டை மாரியம்மன் கோயில் திருவிழாக் கூட்டத்தில், பலூன் சுடும் கடையைப் பார்க்காதவர் இருக்க முடியாது. பலகையில் வரிசையாகக் கட்டிய பலூன்கள், தேய்ந்து போன ஒரு காற்றுத் துப்பாக்கி, சுற்றிலும் வேடிக்கை பார்ப்போர். குறி தப்பினால் சுட்டவர் துப்பாக்கியைக் குறை சொல்வார். கடைக்காரர் சுட்டவரின் கையைக் குறை சொல்வார். இருவர் சொல்வதிலும் ஓரளவு உண்மை உண்டு.

என் மாணவர் ஒருவர் சில மாதங்களுக்கு முன் இதே வழக்கை வேறு உருவில் என்னிடம் கொண்டுவந்தார். அவர் ஆடியது கணிப்பொறி விளையாட்டு. "சார், எதிரியின் நெஞ்சுக்கு நேராகத்தான் குறி வைத்தேன். அம்பு போய்ப் பட்டதைக் கண்ணால் பார்த்தேன். ஆனால் பட்டதாகக் கணக்கில் வரவில்லை. மூன்று முறை இப்படியே. நான்காவது கட்டாயம் படும் என்று ஓடாமல் நின்றேன், அதுவும் வீண். நான்கு மணி நேர ஆட்டம் போய்விட்டது. கம்ப்யூட்டர் ஏமாற்றுகிறது" என்றார். இயற்பியல் மாணவர் ஒருவர் கண்ணால் கண்டதையும் கணக்கில் வந்ததையும் இப்படி எதிரெதிரே நிறுத்தும்போது ஆசிரியர் சும்மா இருக்க முடியுமா? விளையாட்டுகளில் எனக்குப் பெரிய பழக்கமில்லை. எனினும், அந்த அம்பு எங்கே போயிற்று என்று தேடிப் பார்த்தேன்.

பகடையில் பிறந்த போர்

இவ்வகை விளையாட்டில் ஆடுபவர் ஒரு கதைப் பாத்திரத்தை ஏற்கிறார். அந்தப் பாத்திரத்துக்கு வலிமை, சுறுசுறுப்பு, வில்வித்தை, துப்பாக்கி என ஒவ்வொன்றுக்கும் ஒரு எண் உண்டு. இதைத் திறன் எண் என்போம். கதை வளர வளர இந்த எண்களும் வளரும். குறி வைப்பது நம் கை. சுடுவதோ அந்தப் பாத்திரம். சிக்கலெல்லாம் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் இருக்கிறது.

எண்ணைக் கொண்டு சுடும் வழக்கம் கணிப்பொறிக்கு மிகவும் முந்தையது. ரைஸ்விட்ஸ் என்னும் பிரஷ்ய இராணுவ அதிகாரி 1824இல் வெளியிட்ட போர்ப் பயிற்சி ஆட்டத்தில், துப்பாக்கிச் சூட்டால் எத்தனை பேர் வீழ்ந்தனர் என்பதைப் பகடை உருட்டித் தீர்மானித்தார்கள். இவ்வகைப் போராட்டங்களின் வழியில் வந்ததுதான், 1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் இருவரும் வெளியிட்ட 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்னும் மேசை விளையாட்டு. அதில் இருபது முகப் பகடையை உருட்டி, அடி பட்டதா இல்லையா என்று பார்ப்பார்கள். மேசையைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர் உண்மையில் வாளை வீசுவதில்லை; ஆகவே பகடையின் மேல் யாருக்கும் கோபம் வரவில்லை. நம் வீட்டுத் திண்ணையில் தாயம் விழாதபோது கட்டையைத் திட்டுவோமே தவிர, அது ஏமாற்றியது என்று சொல்வதில்லை அல்லவா?

மறைந்திருக்கும் பகடை

2002இல் அமெரிக்காவின் பெதஸ்டா நிறுவனம் வெளியிட்ட 'மாரோவிண்ட்' என்னும் விளையாட்டைத்தான் என் மாணவர் ஆடியிருக்கிறார். பழைய விளையாட்டுகளைத் தேடி ஆடுவதில் அவருக்கு ஆசை. இதில் அம்பு எதிரியின் உடலில் பட்டவுடன் கணிப்பொறி உள்ளுக்குள் ஒரு பகடையை உருட்டுகிறது. அந்தப் பகடைக்கான விதியை ஆர்வலர்கள் ஆராய்ந்து தெளிவாக எழுதி வைத்திருக்கிறார்கள். அது மிக எளிது. வில்வித்தை எண்ணோடு சுறுசுறுப்பில் ஐந்தில் ஒரு பங்கையும், அதிர்ஷ்ட எண்ணில் பத்தில் ஒரு பங்கையும் கூட்டுக. வந்த தொகையைக் களைப்புக்கான ஒரு காரணியால் பெருக்குக. பாத்திரம் களைப்பின்றி இருந்தால் அக்காரணி 1.25, முற்றிலும் களைத்துப் போயிருந்தால் 0.75. எதிரிக்கு விலகும் திறன் இருந்தால் அதைக் கழிக்க வேண்டும்.

வில்வித்தை 30, சுறுசுறுப்பு 40, அதிர்ஷ்டம் 40 எனக் கொள்வோம். 30, 8, 4 ஆகியவற்றைக் கூட்ட 42. களைப்பில்லாதவருக்கு இது 52.5 ஆகிறது, அதாவது நூற்றுக்கு ஏறத்தாழ 52 அம்புகள் படும். மூச்சிரைக்க ஓடி வந்தவருக்கோ 31.5தான். எதிரி விலகுவதையும் கழித்தால் இன்னும் குறையும். என் மாணவர் ஓடிவந்து, நின்று, உடனே எய்திருக்கிறார். இந்தக் களைப்புக் காரணியை அவர் கவனிக்கவே இல்லை.

சரி, நான்கு முறை தொடர்ந்து தப்புவது நடக்கக்கூடியதா? களைப்பில்லாதவருக்கே ஓர் அம்பு தப்பும் நிகழ்தகவு 0.475. நான்கும் தப்ப, அதை நான்கு முறை பெருக்க வேண்டும், 0.05 வருகிறது. இருபதில் ஒன்று. தாயக்கட்டையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நம் பக்கத்துக் கட்டையில் வெறுமுகம், 1, 2, 3 என நான்கு முகங்கள். இரண்டு கட்டையும் உருண்டு விழ 16 வழிகள். அவற்றில் தாயம் விழுவது 2 வழிகளில். ஆக எட்டில் ஒன்று. இருபதில் ஒன்று என்பது அதைவிட அரிது. ஆயினும் நூற்றுக்கணக்கான அம்புகள் எய்யும் ஆட்டத்தில் பலமுறை வந்தே தீரும். களைத்தவருக்கோ நான்கும் தப்பும் நிகழ்தகவு 0.22. ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல்!

மூன்று தப்பிவிட்டதால் நான்காவது பட்டாக வேண்டும் என்று அவர் நின்றாரே, அங்கேதான் உண்மையான பிழை. பகடைக்கு நினைவு கிடையாது. முந்தைய மூன்றும் அதற்குத் தெரியாது. நான்காவது அம்புக்கும் அதே 31.5தான். விளையாட்டில் இந்தத் தவறுக்கு விலை நான்கு மணி நேரம். "இத்தனை தடவை போய்விட்டது, இனி வந்துவிடும்" என்று பணம் வைத்துச் சூதாடுகிறவர் வீட்டில் விலை வேறு.

ஏமாற்று எதுவும் இல்லை. ஆனாலும் அவருடைய எரிச்சலில் நியாயம் இருக்கிறது. அம்பு உடலைத் துளைப்பதாகத் திரையில் காட்டிவிட்டு, படவில்லை என்று கணக்கெழுதினால் எவரால் பொறுக்க முடியும்? திரை இயற்பியலைக் காட்டுகிறது. கணக்கோ தாயம் ஆடுகிறது.

விரியும் கூம்பு

இன்னொரு வழியும் இருக்கிறது. அதை விளக்கக் கணிப்பொறி தேவையில்லை; ஒரு டார்ச் விளக்குப் போதும். இருட்டறையில் சுவருக்கு அருகில் நின்று ஒளியைப் பாய்ச்சினால் சிறு வட்டம் விழும். பின்னால் நகர நகர வட்டம் பெரிதாகும். ஒளிக்கற்றை ஒரு கூம்பு. இப்போது ஒளிக்குப் பதிலாக, அந்தக் கூம்புக்குள் ஏதேனும் ஒரு திசையில் ஒரு குண்டு பாய்வதாக எண்ணுங்கள். திறன் குறைந்த பாத்திரத்துக்கு அகன்ற கூம்பு. தேர்ந்தவருக்குக் குறுகிய கூம்பு. கூம்புக்குள் எந்தத் திசை என்பதைச் சமவாய்ப்பு எண் முடிவு செய்யும். ஆனால் குண்டு கிளம்பியபின் பகடை இல்லை. எங்கே பட்டதோ அங்கே பட்டதுதான்.

2000இல் வெளிவந்த 'டேயஸ் எக்ஸ்' இப்படிப்பட்டது. அதில் கைத்துப்பாக்கி, நீள்துப்பாக்கி முதலிய ஒவ்வொரு பயிற்சிக்கும் நான்கு படிகள். திரையில் குறிக்கோடுகள் விலகி நிற்கும். அசையாமல் நின்றால் அவை மெல்ல நெருங்கும், ஓடினால் விரியும். பயிற்சி கூடினால் விரைவில் நெருங்கும்.

உண்மைத் துப்பாக்கிகளும் கூம்புகள்தாம். நம் மலைக்கோட்டையை 1790இல், மூன்றாம் மைசூர்ப் போரின்போது, ஆங்கிலேயர் முற்றுகையிட்டுப் பிடித்தனர். அக்காலத்துப் பீரங்கிகளின் குழல் உட்புறம் வழவழப்பானது. குண்டோ குழலைவிடச் சற்றுச் சிறியது. வெடித்தவுடன் அது குழலின் சுவரில் இடித்து இடித்து வெளியேறும். கடைசியாக எந்தப் பக்கம் இடித்ததோ, அதைப் பொறுத்துத் திசை சிறிது மாறும். கோட்டையின் மேலே நின்று, கீழே தொலைவில் வருவோரைக் குறி வைத்த பீரங்கிக்காரர் எவ்வளவு கெட்டிக்காரராயினும், இந்தக் கோணத்தை அவரால் ஒழிக்க முடிந்திருக்காது.

இனிக் கணக்குக்கு வருவோம். 57 மீட்டர் தொலைவில் 1 டிகிரி பிசகினால் குண்டு 1 மீட்டர் விலகும். இந்த ஒரு விதியை மனத்தில் வைத்தால் போதும். பலூன் கடையில் 3 மீட்டர் தொலைவு; 1 டிகிரிக்கு விலகல் 5 சென்டிமீட்டர். பலூனின் ஆரம் 10 சென்டிமீட்டர் என்றால், ஏறத்தாழ 2 டிகிரி பிசகினாலும் பலூன் வெடிக்கும். கடைக்காரரின் வளைந்த துப்பாக்கியிலும் குழந்தைகள் பரிசு வாங்குவது இதனால்தான்.

விளையாட்டில், எதிரியின் உடலை 25 சென்டிமீட்டர் ஆரமுள்ள வட்டம் எனக் கொள்வோம். புதிய பாத்திரத்தின் கூம்பு அச்சிலிருந்து 3 டிகிரி விரிகிறது. குண்டுகள் கூம்பின் வட்டத்துக்குள் சமமாகத் தூவப்படுகின்றன. 20 மீட்டர் தொலைவில் அவ்வட்டத்தின் ஆரம் 105 சென்டிமீட்டர். பரப்புகளை ஒப்பிட்டால், 100 குண்டுகளில் 6 மட்டுமே உடலில் படும். 10 மீட்டருக்கு நெருங்கினால் 23 படும். 5 மீட்டரில் 91. இப்போது திறன் எண்ணைக் கூட்டிக் கூம்பை 1.5 டிகிரியாகச் சுருக்குவோம். 20 மீட்டரில் 23. 10 மீட்டரில் 91. 5 மீட்டரில் ஒன்றும் தப்பாது.

இவ்வெண்களைச் சற்று நின்று பாருங்கள். கூம்பின் கோணம் பாதியானால் படும் குண்டுகள் நான்கு மடங்காகின்றன. தொலைவைப் பாதியாக்கினாலும் அதே நான்கு மடங்கு. கோணமும் தொலைவும் ஒன்றையொன்று ஈடுசெய்கின்றன! ஆகவே கூம்பு விளையாட்டில் திறன் எண்ணைக் கூட்டுவது என்பது தொலைவை வாங்குவது. திறன் இல்லாதவர் மறைந்து மறைந்து எதிரியின் அருகே போய்ச் சுட்டால் தேர்ந்தவருக்கு நிகராவார். மறைந்த பகடையில் இதற்கு இடமில்லை. வில்லை எதிரியின் மூக்கில் வைத்தாலும் அதே 52தான். ஆடுபவரின் மூளைக்கு வேலை கொடுப்பது எது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

யார் சுட்டாலும் குண்டு ஒன்றே

2008இல் வந்த 'ஃபால்அவுட் 3' இரு வழிகளையும் கலந்தது. நாமே குறி வைத்துச் சுடும்போது கூம்பு உண்டு. வேண்டுமானால் காலத்தை நிறுத்தி, எதிரியின் தலைக்கு இத்தனை விழுக்காடு, கைக்கு இத்தனை என்று கணிப்பொறி காட்டும் எண்ணைப் பார்த்தும் சுடலாம். அந்த எண் 95க்கு மேல் போகாது. பகடையை ஒளிக்காமல் மேசைமேல் வைத்துவிட்டதால், தப்பினாலும் வழக்கு எழுவதில்லை.

ஆனால் அதே விளையாட்டில் இன்னொன்றும் நடக்கிறது. திறன் எண் குறைந்தவர் சுட்டால் குண்டு விளைக்கும் சேதமும் குறைவு. பின்னர் வந்த பல விளையாட்டுகள் இந்தப் பக்கமே சாய்ந்தன. 2007இல் வந்த 'மாஸ் எஃபெக்ட்' விளையாட்டில் பயிற்சியால் குறி நேராகும்; ஆடியவர்களில் பலர் முணுமுணுத்தார்கள். 2010இல் வந்த அதன் இரண்டாம் பாகத்தில் அதை எடுத்துவிட்டார்கள். 2015இல் 'ஃபால்அவுட் 4' திறன் எண்களையே கைவிட்டது; துப்பாக்கிப் பயிற்சி பெற்றவரின் குண்டு கூடுதலாகக் காயப்படுத்தும்.

ஆடுவதற்கு இது இதமாக இருக்கலாம். இயற்பியல் ஆசிரியருக்கு இது உறுத்துகிறது. குண்டின் இயக்க ஆற்றல் அதன் நிறையையும் வேகத்தையும் மட்டும் பொறுத்தது. விசையை இழுத்தவர் பத்தாண்டுப் பயிற்சி பெற்றவரா, நேற்று வந்தவரா என்பது குழலை விட்டு வெளியேறிய குண்டுக்குத் தெரியாது. பயிற்சியால் மாறுவது கை நடுக்கம், மூச்சை அடக்குதல், விசையைத் திடுக்கென்று இழுக்காமை ஆகியவை. இவை எல்லாம் கோணத்தில்தான் முடிகின்றன. திறமையை உள்ளபடி காட்டுவது கூம்பு ஒன்றே என்பது என் கருத்து. என் மாணவர் இதை இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

அவருக்கு ஒரு சோதனை சொல்லியிருக்கிறேன். வசதியுள்ள வாசகர்களும் செய்து பார்க்கலாம். கூம்பு உள்ள ஏதேனும் ஒரு விளையாட்டில் வெற்றுச் சுவருக்கு முன் பத்து அடி வைத்து நின்று, குறியை நகர்த்தாமல் 20 குண்டுகள் சுடுக. பிறகு சுவருக்கு அருகே போய், எப்போதும் ஒரே தொலைவில் நின்று, குண்டுத் தடங்களின் வட்டத்தைத் திரைமேல் அளவுகோல் வைத்து அளக்க. இருபது அடிக்குப் பின்வாங்கிச் சுட்டு மீண்டும் அளக்க. வட்டம் இருமடங்கானால் கூம்பு நேரானது. தடங்கள் நடுவில் நெருக்கமாகவும் ஓரத்தில் அரிதாகவும் இருந்தால், நாம் கொண்ட சமமான தூவல் அங்கே பொருந்தாது. அப்போது மேலே கண்ட 6, 23, 91 என்னும் எண்களைத் திருத்தி எழுத வேண்டியிருக்கும்.