எட்டிக்கொட்டை காட்டிய நரம்புக் கடிவாளம்

தென்னிந்தியக் காடுகளில் வளரும் எட்டி மரத்தின் விதை, தட்டையான பொத்தானைப் போன்றது. அதன் கசப்பையும் கொடுமையையும் நம்மவர் நன்கு அறிவர். அவ்விதையிலுள்ள நஞ்சுகளுள் முதன்மையானது ஸ்டிரிக்னின். 1818-ஆம் ஆண்டில் பெல்த்தியே, கவாந்து என்னும் பிரெஞ்சு இரசாயன அறிஞர் இருவர், எட்டியின் இனத்தைச் சேர்ந்த மற்றொரு தாவரத்தின் விதையிலிருந்து இதனை முதன்முதலில் பிரித்தெடுத்தனர்.

இந்நஞ்சை உட்கொண்டவரின் தசைகள் ஒருங்கே விறைக்கின்றன. உடல் வில்லாக வளைகிறது. மெல்லிய ஓசையும் சிறு தொடுகையுமே வலிப்பைத் தூண்டிவிடும். நினைவோ தெளிவாகவே இருக்கும். இறுதியில் மூச்சு தடைப்பட்டு மரணம் நேருகிறது. இதற்குக் காரணம் யாது?

நரம்பு மண்டலத்தில் தூண்டும் செய்திகள் இருப்பதுபோல அடக்கும் செய்திகளும் உண்டு. கையை மடக்கும்பொழுது, அதை நீட்டும் தசை தளர்ந்து கொடுக்க வேண்டுமன்றோ? தண்டுவடத்தில் அத்தகைய அடக்கும் செய்தியைச் சுமக்கும் பொருள்களுள் சிறந்தது கிளைசின் என்னும் எளிய அமினோ அமிலம். நரம்பணுவின் மேற்பரப்பிலுள்ள 'ஏற்பி' என்னும் புரதத்தில் கிளைசின் பொருந்தியதும், அப்புரதத்தின் நடுவேயுள்ள வாயில் திறக்கிறது. குளோரைடு அயனிகள் உட்புகுகின்றன. நரம்பணுவின் கிளர்ச்சி அடங்குகிறது. ஸ்டிரிக்னினோ, கிளைசின் அமர வேண்டிய இடத்தைத் தான் பற்றிக்கொண்டு, வாயிலைத் திறக்கவொட்டாமல் தடுக்கிறது. கடிவாளம் அறுந்த குதிரையைப்போல நரம்புகள் கட்டுக்கடங்காமல் இயங்குகின்றன.

ஏற்பியை இறுகப் பற்றும் இக்குணமே ஆராய்ச்சியாளருக்குக் கைகொடுத்தது. 1973-இல் அமெரிக்காவில் யங், ஸ்னைடர் ஆகியோர், கதிரியக்க ஹைட்ரஜனால் அடையாளமிட்ட ஸ்டிரிக்னினைக் கொண்டு, இவ்வேற்பிகள் தண்டுவடத்தில் மிகுந்திருப்பதை அளந்து காட்டினர். 1982-இல் ஜெர்மானிய ஆராய்ச்சியாளர், ஸ்டிரிக்னினை ஒத்த பொருளொன்றைத் தூண்டிலாகக் கொண்டு, எலியின் தண்டுவடத்திலிருந்து அந்த ஏற்பியையே பிரித்தெடுத்தனர்.

இவ்வாராய்ச்சி மருத்துவத்துக்கும் வழிகாட்டியது. அரிதாகச் சில குழந்தைகள் பிறந்தது முதலே உடல் விறைத்து, சிறு ஓசைக்கும் கடுமையாகத் திடுக்கிடுகின்றன. சிலவேளை மூச்சும் நின்றுவிடும். இதனைக் காக்கைவலிப்பு எனத் தவறாகக் கருதுவதும் உண்டு. இத்தகைய குடும்பங்கள் சிலவற்றில், கிளைசின் ஏற்பியை உருவாக்கும் மரபணுவிலேயே பிழை இருப்பது 1993-இல் கண்டறியப்பட்டது. நஞ்சுண்டவரின் துன்பத்துக்கும் இக்குழந்தைகளின் துன்பத்துக்கும் அந்த ஒரு வாயிலின் பழுதே காரணம்.

குளோனசெபாம் என்னும் மருந்து இந்நோயைத் தணிக்கிறது. அது வேறொரு வகை ஏற்பியின் அடக்கும் ஆற்றலை மிகுவிப்பது. விறைப்பு நேரும்பொழுது குழந்தையின் தலையையும் கால்களையும் உடலை நோக்கி மடக்கிப் பிடித்தால், விறைப்புத் தளர்ந்து மூச்சு மீள்வதுண்டு. நோயை உரிய காலத்தில் இனங்கண்ட மருத்துவர், இம்முறையைத் தாய்க்கும் கற்றுக் கொடுக்கிறார்.