குறைமாதக் குழந்தைக்கு வைட்டமின் டி: எதற்கு, எவ்வளவு?

37 வாரம் நிறையும் முன்பே பிறந்தால் குறைமாதக் குழந்தை. எலும்புக்கான கால்சியம், கிருமிகளை எதிர்க்கும் ஐஜிஜி எதிர்ப்பொருள், வைட்டமின் டி ஆகியவை தாயிடமிருந்து பெருமளவில் வந்து சேர்வது கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில்தான். 28 வாரத்தில் பிறந்த குழந்தைக்கு இந்த வரவு தொடங்கிய வேகத்தில் நின்றுபோகிறது. தாய்க்கே வைட்டமின் டி குறைவு என்றால் கேட்கவே வேண்டாம். வெயில் கொளுத்தும் நம் ஊரிலும் கர்ப்பிணிகளிடம் இந்தக் குறைபாடு சர்வசாதாரணம்.

பிறந்த பிறகும் வழியில்லை. இன்குபேட்டருக்குள் வெயில் வராது. மஞ்சள் காமாலைக்கு வைக்கும் நீல விளக்கும் பயன்படாது. வைட்டமின் டி உருவாகத் தேவையான புற ஊதாக் கதிருக்காக அமைத்த விளக்கல்ல அது. தாய்ப்பாலுக்கு ஈடு கிடையாது, ஆனால் வைட்டமின் டி மட்டும் அதில் சொற்பம்: லிட்டருக்குப் பெரும்பாலும் 100 யூனிட்டுக்கும் கீழே. குறைமாதக் குழந்தை குடிப்பதோ சில மி.லி. அதனால்தான் சொட்டு மருந்து.

வைட்டமின் டிக்கும் நோய் எதிர்ப்பு சக்திக்கும் என்ன தொடர்பு? கிருமிகளை விழுங்கும் மேக்ரோஃபேஜ் என்ற உயிரணு, காசநோய்க் கிருமியின் கூறுகளை உணர்ந்ததும் வைட்டமின் டியைத் தனக்குள்ளேயே செயல்படும் வடிவத்துக்கு மாற்றிக்கொள்கிறது. அதைக் கொண்டு கேத்தெலிசிடின் என்ற புரதத்தை உண்டாக்குகிறது. கிருமியின் மேலுறையைத் துளைப்பது இந்தப் புரதத்தின் வேலை. 2006இல் 'சயின்ஸ்' இதழில் வந்த ஆய்வு இதை விளக்கியது. வைட்டமின் டி இன்னொரு பக்கம், அழற்சி எல்லை மீறாமலும் அடக்குகிறது.

ஆய்வகத்தில் தெரிவது தொட்டிலில் தெரிய வேண்டுமே! டெல்லியில், நிறைமாதத்தில் எடை குறைவாகப் பிறந்த 2,079 குழந்தைகளைக் கொண்டு நடந்த ஆய்வு 2011இல் வெளியானது. வாரம் 1,400 யூனிட் வீதம் ஆறு மாதம் கொடுத்தார்கள். வளர்ச்சி ஓரளவு மேம்பட்டது. மரணமும் மருத்துவமனைச் சேர்க்கையும் குறையவில்லை. குறைமாதக் குழந்தைகளிடம் நடந்த ஆய்வுகள் பெரும்பாலும் சிறியவை. தொற்று குறையும் என்று அடித்துச் சொல்ல அவை போதாது. ஆகவே இந்தச் சொட்டு எலும்புக்கு அவசியம். எதிர்ப்பு சக்திக்கு உதவலாம், அவ்வளவே. தொற்றைத் தடுப்பதில் தாய்ப்பாலும் கைகழுவலும், தோலோடு தோல் சேர்த்து அணைக்கும் கங்காரு அணைப்பும்தான் முன்வரிசை.

வழக்கமான அளவு தினம் 400 யூனிட். 1.5 கிலோவுக்குக் குறைந்த எடையில் பிறந்து தாய்ப்பால் குடிப்பவர்களுக்கு 400 முதல் 1,000 யூனிட் வரை என்றது உலக சுகாதார நிறுவனம். இங்கேதான் வீட்டில் குழப்பம் வரும். மி.லி.க்கு 400 யூனிட் உள்ள பாட்டிலும் உண்டு, 800 உள்ளதும் உண்டு. பிராண்ட் மாறியது தெரியாமல் பழைய அளவையே ஊற்றினால் டோஸ் இரட்டிப்பாகும். டிராப்பர் கவனக்குறைவால் அளவு மீறலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2010இல் எச்சரித்தது. நாள்கணக்கில் அளவு பலமடங்கு மீறினால் ரத்தத்தில் கால்சியம் ஏறும். வாந்தி, மலச்சிக்கல், சிறுநீரகப் பாதிப்பு வரை போகும். பெரியவர்களுக்கான 60,000 யூனிட் பாக்கெட்டைப் பிரித்து ஊட்டவே கூடாது. செக்கப்புக்குப் போகும்போது பாட்டிலையும் டிராப்பரையும் கையோடு கொண்டுபோய், எந்தக் கோடு வரை என்று மருத்துவரிடம் காட்டிக் கேளுங்கள்.