கடலடியில் பறக்கும் பட்டம்

ராமேசுவரத்துக்கும் யாழ்ப்பாணத்துக்கும் நடுவே கிடக்கும் பாக் விரிகுடாவின் சராசரி ஆழம் 9 மீட்டர்தான். வெயில் அடிமண்வரை இறங்குவதால் அங்கே கடற்புல் செழிக்கிறது. இறால் குஞ்சும் நண்டும் அந்தப் புல்லுக்குள் வளர்கின்றன. புல்லை மேயும் ஆவுளியா என்னும் கடற்பசுவுக்காக 2022இல் தமிழ்நாடு அரசு 448 சதுர கிலோமீட்டர் கடலைக் காப்பகமாக அறிவித்தது. இந்தக் கடலில் தமிழ்நாட்டு மீனவர்கள் இலங்கையிடம் கைதாகும்போதெல்லாம் பேச்சு கச்சத்தீவுக்குத் தாவிவிடும். மேடைக்கு வசதியான பொருள் அது. ஆனால் 285 ஏக்கர் தீவு யாரிடம் இருந்தாலும், இரு கரை மீனவர்களின் சண்டைக்கான காரணம் அந்த அடிமண்ணில் கிடக்கிறது. அதைக் கிளறுவது இழுவைமடி.

இழுவைமடியின் சூட்சுமம் வலையில் இல்லை, வலைக்கு முன்னால் செல்லும் இரண்டு பலகைகளில் இருக்கிறது. விசைப்படகிலிருந்து இரண்டு கயிறுகள், கயிற்றுக்கு ஒரு பலகை. படகு இழுக்கும்போது பலகை நேராக வராமல் சற்றுச் சாய்ந்து வரும்படி கட்டியிருப்பார்கள். சாய்ந்த பலகையில் மோதும் நீர் அதை வெளிப்பக்கம் தள்ளுகிறது. பட்டத்தைக் காற்று மேலே தள்ளுவதும் இதே கணக்கில்தான். ஒன்று இடப்பக்கமும் மற்றது வலப்பக்கமும் பறக்க முயல, நடுவில் வலையின் வாய் தானாகவே விரிந்து நிற்கிறது. வாயைத் திறந்து வைக்கத் தனியாக ஒரு கம்பிகூடத் தேவையில்லை.

பலகைகள் உரசிச் செல்லும் இடமெல்லாம் சேறு கிளம்பிப் புகைச்சுவராக நிற்கும். மீன் அந்தச் சுவரைத் தாண்டப் பயந்து நடுவே ஒதுங்கும். வலைக்கு முன்னால் அதே வேகத்தில் நீந்தும், களைத்ததும் பின்வாங்கிப் பைக்குள் விழும். மண்ணுக்குள் புதைந்திருக்கும் இறால் இந்த மிரட்டலுக்கு மசியாது. அதற்காகவே வலையின் அடியில் சங்கிலி கட்டுகிறார்கள். சங்கிலி மண்ணைச் சீண்ட, இறால் வாலைச் சுண்டித் துள்ளும். துள்ளியது வலைக்குள் போய்விடும். கூடவே விலைபோகாத பொடிமீன்களும் சிக்குகின்றன. சங்காயம் என்று ஒதுக்கப்படும் இவை கோழித்தீவனத்துக்குப் போகின்றன. புல் வேரோடு பெயர்கிறது. பெயராத புல்லுக்கும் கலங்கிய நீரில் வெளிச்சம் குறைகிறது.

பட்டத்துக்கு மாஞ்சா உண்டென்றால் இந்தக் கடலடிப் பட்டத்துக்கும் உண்டு. யாழ்ப்பாணப் பக்கத்து மீனவர்களிடம் இருப்பவை பெரும்பாலும் சிறு ஃபைபர் படகுகள். இரவில் செவுள் வலையைக் கடலில் விரித்துவிட்டுக் காத்திருப்பது அவர்கள் தொழில். குறுக்கே ஓடும் இழுவைமடி அந்த வலையை அறுத்துக்கொண்டு போய்விடுகிறது. பட்டம் அறுபட்ட பையனுக்கு நூல்தான் நட்டம். வலை அறுபட்டவருக்கோ முதலே போய்விடும்.

வரலாறு சுருக்கமானது. 1952இல் நார்வேயுடன் செய்துகொண்ட ஒப்பந்தம் கேரளக் கரையில் மீன்பிடியை இயந்திரத்துக்கு மாற்றத் தொடங்கியது. இறாலுக்கு வெளிநாட்டில் விலை ஏறியதும் இழுவைமடி எங்கும் பரவியது. 1974இலும் 1976இலும் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் நடுவே கடலில் எல்லைக்கோடு விழுந்தது. 1983இல் இலங்கையில் போர் மூண்டது.

அந்தப் போர் செய்த வேலை விசித்திரமானது. முதல் உலகப்போரின்போது ஐரோப்பாவின் வடகடலில் படகுகள் முடங்க, மீன்வளம் பெருகியது. இரண்டாம் போரிலும் அதுவே நடந்தது. பாக் விரிகுடாவில் அந்தப் பெருக்கம் பாதிக் கடலுக்குத்தான் வாய்த்தது. இலங்கைத் தமிழ் மீனவர்கள் இடம்பெயர்ந்தார்கள், அல்லது கடலுக்குப் போகத் தடைபட்டார்கள். அதே ஆண்டுகளில் தமிழ்நாட்டுப் பக்கத்து அடிமண் ஓயாமல் உழப்பட்டது. ஆக, கோட்டுக்கு இந்தப்பக்கம் மீன் குறைய, அந்தப்பக்கம் தேங்கியது. ராமேசுவரத்திலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் கோடு வந்துவிடும். கடன் வாங்கிக் கட்டிய படகு எந்தத் திசையில் போகும் என்று சொல்லத் தேவையில்லை. துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போன காலத்திலும் படகுகள் போய்க்கொண்டுதான் இருந்தன. 2009இல் போர் முடிந்து வடபகுதி மீனவர்கள் கடலுக்குத் திரும்பியபோது, அவர்கள் வலைபோடும் இடத்தில் வேறு படகுகள் ஓடிக்கொண்டிருந்தன.

பற்றாக்குறை வந்தால் போர் வரும் என்ற எளிய சூத்திரம் கருத்தரங்குகளில் நன்றாக விலைபோகிறது. இங்கே மோதுபவர்கள் ஒரே மொழி பேசுகிறவர்கள், பலர் ஒரே சமயத்தவர், சிலர் உறவினர்களும்கூட. இரு கருவிகள் ஒரே மண்ணில் நிற்க முடியாததே மோதலாகிறது. இரண்டு தேசக்கொடிகள் அதன்மேல் ஏறியதும் அது பாதுகாப்புப் பிரச்சினை என்ற பெயரைப் பெறுகிறது. இதற்குச் சான்று எல்லைக்கு இந்தப்பக்கமே இருக்கிறது. ராமேசுவரம் பகுதியில் விசைப்படகுகளுக்கு வாரத்தில் மூன்று நாள், நாட்டுப்படகுகளுக்கு நான்கு நாள் என்று கடலைப் பங்கிட்டது, தமிழ்நாட்டு மீனவர்களுக்குள்ளேயே நடந்த சண்டையைத் தணிக்கத்தான். அந்த மூன்று நாட்களைக் கணக்கு வைத்து யாழ்ப்பாணப் பக்கத்தில் வலைபோடாமல் கரையில் இருப்போர் உண்டு.

தீர்வாக 2017இல் வந்தது ஆழ்கடல் திட்டம்: 2,000 இழுவைப் படகுகளைக் கழித்துவிட்டு, பாதிக்கு மேல் மானியத்தில் சூரை பிடிக்கும் தூண்டில் படகுகள் கொடுப்பது. அறிவிப்பின் வேகம் செயலில் இல்லை. மாறிய படகுகள் சொற்பம். மறுநாள் காலையில் இறாலோடு கரை சேர்ந்து பழகிய தொழிலுக்கும், ஐஸ் ஏற்றிக்கொண்டு நாள்கணக்கில் ஆழ்கடலில் கிடக்கும் தொழிலுக்கும் ஆளும் வேறு, அனுபவமும் வேறு. அதே 2017இல் இலங்கை இழுவைமடியைச் சட்டத்தால் தடைசெய்தது. எல்லை தாண்டி வருகிறவர்களை மட்டும் குறிவைத்த சட்டமல்ல அது; யாழ்ப்பாணத்தின் குருநகர் போன்ற துறைகளில் உள்ளூர்க்காரர்களே வைத்திருந்த சிறிய இழுவைப் படகுகளுக்கும் அதே தடைதான்.