29 மான்கள் 6,000 ஆகி, 42-ல் முடிந்தது எப்படி? ஒரு தீவு சொல்லும் பாடம்

அலாஸ்காவை ஒட்டிய பெரிங் கடலில் செயின்ட் மேத்யூ என்றொரு தீவு. இரண்டாம் உலகப் போர் சமயத்தில் அங்கே ரேடியோ நிலையம் நடத்திய அமெரிக்கக் கடலோரக் காவல் படை, 1944-ல் 29 ரெயின்டீர் மான்களைக் கொண்டுவந்து இறக்கியது. கப்பல் வராவிட்டால் வேட்டையாடிச் சாப்பிடலாம் என்கிற முன்னேற்பாடு. போர் முடிந்ததும் வீரர்கள் கிளம்பிட்டாங்க. மான்கள் அங்கேயே தங்கிவிட்டன.

அப்புறம் என்ன ஆச்சு?

தீவில் ஓநாய் இல்லை, வேட்டைக்காரர் இல்லை. பாறைகளில் படரும் லைக்கன் மெத்தை மாதிரி மண்டிக் கிடந்தது. உயிரியலாளர் டேவிட் க்ளைன் 1957-ல் போய்ப் பார்த்தபோது மான்கள் சுமார் 1,350. 1963-ல் சுமார் 6,000!

19 வருஷத்தில் 200 மடங்கு. அதாவது, சராசரியாக இரண்டரை வருஷத்துக்கு ஒருமுறை இரட்டிப்பு. கூட்டு வட்டிக் கணக்குதான். பிறக்கிற ஒவ்வொரு குட்டியும் நாளைக்குக் குட்டி போடும்.

1966-ல் க்ளைன் மறுபடி போனார். தீவு முழுக்க எலும்புகள். உயிரோடு இருந்தவை 42 மான்கள் மட்டுமே. அதில் 41 பெண் மான்கள். இருந்த ஒரே ஆணின் கொம்பும் இயல்பாக இல்லை. குட்டி ஒன்றுகூட இல்லை. 1980-களுக்குள் மான் இனமே அந்தத் தீவிலிருந்து மறைந்துவிட்டது.

குளிர்தான் கொன்றதா?

1963-64 குளிர்காலம் மிகக் கடுமை. ஆனால், அது கடைசி அடி மட்டுமே. 1957-ஐ விட 1963-ல் வளர்ந்த பெண் மான்களின் எடை 38 சதவீதம் குறைந்திருந்தது. ஆண்களுக்கு 43 சதவீதம். கூட்டம் பெருகப் பெருக, ஒவ்வொன்றின் தட்டும் காலியாகிக்கொண்டே வந்தது.

‘தாங்கு திறன்’ என்றால்?

ஓர் இடத்தின் உணவு, நீர், பரப்பு ஆகியவை எத்தனை உயிர்களைத் தொடர்ந்து தாங்குமோ, அதுதான் தாங்கு திறன். எண்ணிக்கை அதை நெருங்கும்போது பிறப்பு குறைந்து, இறப்பு கூடி, வளர்ச்சி தானாக மட்டுப்படும். பெல்ஜியக் கணிதவியலாளர் வெர்ஹல்ஸ்ட் 1838-லேயே இதற்குச் சமன்பாடு எழுதினார்.

அப்படியென்றால் இங்கே ஏன் மட்டுப்படவில்லை? லைக்கன் வருஷத்துக்குச் சில மில்லிமீட்டர்தான் வளரும். மான்கள் வட்டியைத் தின்று முடித்து, அசலிலும் கை வைத்தன. அசல் தீரும்வரை பசி பெரிதாகத் தெரியவில்லை. தெரிந்தபோது, தீவின் தாங்கு திறனே சரிந்திருந்தது.

நமக்கு இதில் என்ன இருக்கு?

தமிழகத்தின் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். ‘வஞ்சிரம் விலை ஏறிடுச்சே’ என்று நாம் புலம்பும் அதே நாட்களில் மீன்கள் முட்டையிடுகின்றன. அசலைத் தொடாமல், வட்டியை மட்டும் பிடிக்கச் சொல்லும் ஏற்பாடு அது.