கழிவுநீரைப் பாசி எப்படிக் கழுவுகிறது?

கோலார் தங்கவயலிலிருந்து கோலார் பக்கம் போனால், ஏரிகள் சிலவற்றில் நிற்பது மழைத் தண்ணீர் மட்டுமல்ல. 2018 முதல் பெங்களூருவின் கழிவுநீரும் சுத்திகரிக்கப்பட்டு, குழாய் வழியே வருகிறது. இப்படிப்பட்ட நீரில் நைட்ரஜனும் பாஸ்பரஸும் மிச்சமிருக்கும்.

கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சத்துகள்தான் சாப்பாடு, நுண்பாசிகள் விருந்தாளிகள். வெயில் ஏற ஏற அவை தின்று பெருகும், ஆக்சிஜனும் விடும். அதைக்கொண்டு பாக்டீரியாக்கள் மிச்ச அழுக்கைச் சிதைக்கும். ஒரு டம்ளர் மொண்டு பாருங்கள், பச்சை தெரியும்.

சாப்பிட்டவர்கள் மண்டபத்திலேயே படுத்துவிட்டால்? பாசி செத்து அழுகும். தின்றதெல்லாம் தண்ணீருக்கே திரும்பும். மீன் மூச்சுத் திணறும். அதனால் பாசியை வெளியே எடுத்தாக வேண்டும். வளர்ப்பதைவிட இதுதான் பெரும்பாடு. குளோரெல்லா போன்ற பாசிகள் வேட்டியில் வடித்தாலும் நிற்காத அளவுக்குப் பொடிசு!