நிஞ்சாவும் ஆர் 7உம்: ஊவா மலைவீதியில் ஓர் ஒப்பாய்வு

ஒரு பொருளின் இயல்பைத் தெளிய விரும்புவோர் அதனைத் தனியே வைத்து நோக்குதல் போதாது. அதற்கு நிகரான பிறிதொன்றின் அருகே வைத்து நோக்குதல் வேண்டும். தண்டியலங்காரம் கூறும் வேற்றுமையணியின் அடிப்படையும் இதுவே. இரு பொருள்களுக்கும் உள்ள ஒப்புமை முதலில் நிறுவப்படும். அதன் பின்னரே வேற்றுமை காட்டப்படும். ஒப்புமை இல்லாத இடத்தில் வேற்றுமை பேசுதல் வீண். யானையையும் எறும்பையும் ஒப்பிட்டு யானை பெரிது என்பவனை எவரும் புலவன் என்று கொள்ளார்.

இந்நெறியை அண்மையில் யான் கையாள நேர்ந்த இடம் செய்யுளன்று, மோட்டார் சைக்கிள். பண்டிதனுக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் என்ன உறவு என்று வாசகர் நகைக்கலாம். பசறைப் பகுதித் தோட்டமொன்றில் பிறந்து, என்னிடம் தமிழ் பயின்று, இப்போது வளைகுடா நாடொன்றில் உழைக்கும் மாணவன் ஒருவன் விடுமுறையில் வந்திருந்தான். இரு வண்டிகளின் விவரத்தாள்களை என் மேசைமீது விரித்து, "ஐயா, இரண்டில் எது நல்லது? நீங்கள்தான் ஒப்புநோக்கக் கற்பித்தீர்கள்," என்றான். ஒன்று கவாசாகி நிறுவனத்தின் நிஞ்சா 650. மற்றது யமாகா நிறுவனத்தின் ஆர் 7. 2020 மார்ச்சில் இந்நாட்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கு வழி திறக்கும்வரை அவன் காத்திருந்தான். அதற்குள் சிறிது பணமும் சேர்த்திருந்தான்.

"இவையெல்லாம் நமக்கு எதற்கு?" என்று ஒரே சொல்லில் அவனை அனுப்பியிருக்கலாம். அச்சொல்லை என் நா கூற மறுத்தது. மலையகத்தில் அச்சொல் மிகப் பழையது. துரைமார் குதிரையிலும் பின்னர் மோட்டார் சைக்கிளிலும் மலை சுற்றிய காலத்தில், கொழுந்துக் கூடையுடன் வழி ஒதுங்கி நின்றோரின் பேரன் அவன். அவனுடைய ஆசை இழிவானதன்று. அதற்கு உரியது உபதேசம் அன்று, நேர்மையான ஒப்பாய்வு.

எனினும், பொருளின் அளவை முதலில் அறிதல் நன்று. ஆர் 7 வெளியான 2021இல் அமெரிக்காவில் அதற்குக் குறிக்கப்பட்ட விலை 8,999 டொலர். டொலர் ஒன்றுக்கு 300 ரூபா எனக் கொண்டால் ஏறத்தாழ 27 இலட்சம் ரூபா. இறக்குமதி வரிகள் இதில் சேரவில்லை. 2024 செப்டம்பரில் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்கூலி 1,350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. அக்கூலியில் இவ்விலை 2,000 நாட் கொழுந்து. மாதம் 25 நாள் வேலை கிடைத்தாலும் ஆறு ஆண்டும் எட்டு மாதமும் ஆகும். அவனுடைய தாய் இன்றும் மலையேறிக் கொழுந்து பறிப்பவள். ஆதலால் இவ்வொப்பாய்வை விளையாட்டாகச் செய்தல் தகாது.

இனி ஒப்புமை. இரண்டும் யப்பானியப் படைப்புகள். இரண்டும் நடுத்தர எடையுள்ள பந்தயச் சாயல் வண்டிகள். ஒவ்வொன்றிலும் பக்கம் பக்கமாக நிற்கும் இரு சிலிண்டர்கள், ஆறு கியர்கள், சங்கிலி இயக்கம். நிஞ்சாவின் எஞ்சின் 649 சிசி, ஆர் 7இன் எஞ்சின் 689 சிசி. 2017இல் புதுவடிவு பெற்ற நிஞ்சாவின் எடை எரிபொருளுடன் 193 கிலோ. ஆர் 7இன் எடை 188 கிலோ. நிலத்துக்கும் எஞ்சினின் அடிப்பகுதிக்கும் இடையே இரண்டிலும் ஏறத்தாழ 13 சென்ரிமீற்றரே இடைவெளி. குண்டும் குழியுமான தோட்டப் பாதைகளை நினைக்குங்கால் இது இரண்டுக்கும் பொதுவான குறை.

வேற்றுமைக்கு வருவோம். தொல்காப்பியர் உவமை பிறக்கும் இடங்களை வினை, பயன், மெய், உரு என நான்காக வகுத்தார். வினை என்பது தொழில். பயன் என்பது விளையும் நன்மை. மெய் என்பது வடிவு. உரு என்பது நிறம். நிறம் அவருடைய வரிசையில் இறுதியிலே நிற்கிறது. கடைக்குச் செல்லும் இளைஞன் அவ்வரிசையைத் தலைகீழாக்கி நிறத்திலிருந்து தொடங்குகிறான். அவன் வழியிலேயே நாமும் செல்வோம்.

உருவைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கவாசாகியின் பச்சையும் யமாகாவின் நீலமும் உலகறிந்தவை. தேயிலை மலையிடையே பச்சை மறையும், நீலம் விளங்கும் என்று வேண்டுமானால் சொல்லலாம். 27 இலட்சத்துக்கு அது நியாயமாகாது.

மெய்யில் வேற்றுமை பெரிது. நிஞ்சாவின் இருக்கை நிலத்திலிருந்து 790 மில்லிமீற்றர். ஆர் 7இன் இருக்கை 835 மில்லிமீற்றர். 45 மில்லிமீற்றர் சிறிதாகத் தோன்றலாம். சரிவான வளைவொன்றில் முன்னே பேருந்து நின்றுவிட, நாமும் நின்று ஒரு காலை ஊன்றும்போதே அதன் அளவு தெரியும். கால் முழுதும் பதிந்தால் 190 கிலோ வண்டியும் நிற்கும். விரல் நுனி மட்டும் பட்டால் சாயும். நிஞ்சாவின் கைப்பிடி உயர்ந்து நிற்பதால் ஓட்டுவோன் நிமிர்ந்து அமர்கிறான். ஆர் 7இன் கைப்பிடிகள் தாழ்ந்தவை. உடல் முன்சாய்ந்து, பாரம் மணிக்கட்டில் இறங்கும். பந்தயத் திடலில் அது நன்மை. மலை இறக்கத்தில் அதுவே வேதனை. அத்தாழ்ந்த கைப்பிடிகள் திரும்பும் அளவும் குறைவு. ஊசிமுனை வளைவுகளில் மெல்லத் திரும்புவோன் இதனை உணர்வான். மற்றொருபால், ஆர் 7இன் முன் அதிர்வுதாங்கிகள் தலைகீழாகப் பொருத்தப்பட்ட உறுதியான வகை; பின்சக்கர டயரும் 180 மில்லிமீற்றர் அகலமுடையது. நிஞ்சாவினது 160. விரைந்து சாய்ந்து திரும்பும் கலையில் ஆர் 7 மேம்பட்டது என்பதை மறைத்தல் நேர்மையன்று.

எரிபொருட் கலன் நிஞ்சாவில் 15 லீற்றர், ஆர் 7இல் 13 லீற்றர். லீற்றருக்கு 23 கிலோமீற்றர் எனக் கொண்டால் நிஞ்சா ஒரு நிரப்பலில் 46 கிலோமீற்றர் கூடுதலாகச் செல்லும்.

வினையே இளைஞர் மிகுதியாகப் பேசும் பகுதி. நிஞ்சாவின் ஆற்றல் 68 குதிரைவலு. ஆர் 7இன் ஆற்றல் 73. இழுவையைக் காட்டும் முறுக்குவிசை நிஞ்சாவில் ஏறத்தாழ 65 நியூட்டன் மீற்றர், ஆர் 7இல் 67. இரண்டும் நிமிடத்துக்கு 6,500 சுழற்சியை அண்டிய நிலையிலேயே உச்சம் பெறுகின்றன. கிராங்கின் அமைப்பு மட்டும் வேறு. நிஞ்சாவில் இரு பிஸ்டன்களும் 180 பாகை இடைவெளியில் இயங்குவன. ஆர் 7இல் 270 பாகை. அதனால் வெடிப்புகளின் தாள இடைவெளி மாறுகிறது. சீர் மாறினால் ஓசை மாறுவதுபோல, ஆர் 7இன் ஒலி சற்றுத் துள்ளலானது, நிஞ்சாவினது மென்மையானது. இது செவிக்கு இன்பமான வேற்றுமை. ஏற்றத்தில் ஏறுவதற்கு இரண்டும் போதும்.

இங்கு ஒரு நுட்பம் உண்டு. தாளில் உள்ள குதிரைவலு கடல்மட்டத்தை அண்டிய காற்றுக்கு உரியது. உயரம் கூடக் கூடக் காற்று அடர்த்தி குறையும். எஞ்சின் பெறும் ஒட்சிசனும் குறையும். கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,400 மீற்றர் உயரத்திலுள்ள அப்புத்தளையில் காற்றின் அடர்த்தி நூற்றுக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று பங்கு குறைவு. அக்கணக்கில் 73 என்பது 64 ஆகும். 68 என்பது 60 ஆகும். விவரத்தாளில் ஐந்தாக இருந்த வேற்றுமை மலையில் நான்காகச் சுருங்குகிறது. இரண்டும் மணிக்கு 200 கிலோமீற்றரைத் தாண்ட வல்லவை. ஆனால் நம் நாட்டு அதிவேகப் பாதைகளில் மோட்டார் சைக்கிளுக்கு அனுமதியே இல்லை. எங்கும் பயன்படாத வேகத்துக்காகவும் ஒருவன் பணம் கொடுக்கிறான் என்பதே பொருள்.

திருக்குறளில் வலியறிதலை அடுத்துக் காலமறிதலும், அதனை அடுத்து இடனறிதலும் வைக்கப்பட்டுள்ளன. வலியை அறிந்த அளவில் ஆய்வு முடிந்துவிடாது. இடத்தையும் அறிதல் வேண்டும். ஹாலிஎலவிலிருந்து பண்டாரவளை, அப்புத்தளை வழியாகப் பெரகலைக்குச் செல்லும் வீதியை நினைத்துப் பாருங்கள். ஒருபால் மலைச்சுவர், மறுபால் பள்ளம். வளைவுக்கு அப்பால் முச்சக்கர வண்டி வருகிறதா, பாடசாலைப் பிள்ளைகள் நடக்கிறார்களா என்பது தெரியாது. மழைக்காலத்தில் மூடுபனி இறங்கினால் நாற்பது மீற்றருக்கு அப்பால் ஒன்றும் தோன்றாது.

கணக்கு எளிது. மணிக்கு 60 கிலோமீற்றர் என்பது விநாடிக்கு ஏறத்தாழ 17 மீற்றர். ஆபத்தைக் கண்டு கை பிரேக்கை நாடுவதற்குள் ஒரு விநாடி கழிந்தால் 17 மீற்றர் போயிற்று. உலர்ந்த வீதியில் நன்றாகப் பிரேக் பிடித்தாலும் நிற்க மேலும் 20 மீற்றர் வேண்டும். ஆக 37. மணிக்கு 90 என்றாலோ, 25உம் 45உம் சேர்ந்து 70 மீற்றர் ஆகிவிடும். நாற்பது மீற்றர் மட்டும் தெரியும் பனியில் 70 மீற்றரில் நிற்பவன் எங்கே நிற்பான்? சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் இரு வண்டிகளிலும் கிடைக்கும், அது இன்றியமையாதது. எனினும் அது தூரத்தை அழிக்கும் மந்திரமன்று. ஈரத்தில் பின்சக்கரம் வழுக்கிச் சுழல்வதைத் தடுக்கும் கருவி 2021இன் ஆர் 7இல் இல்லை. நிஞ்சாவில் 2023இல் சேர்க்கப்பட்டது. பழைய நிஞ்சாவை வாங்குவோர் ஆண்டைப் பார்த்தல் வேண்டும்.

வேகத்துக்கென்றே வகுத்த இடமும் நம் மாவட்டத்தில் உண்டு. தியத்தலாவையின் பொக்ஸ் ஹில் பந்தயத்தைக் காண இளைஞர் திரள்வர். அங்கும் 2024 ஏப்ரல் 21 அன்று பந்தயக் கார் ஒன்று பாதை விலகிப் பாய்ந்து 7 பேர் மாண்டனர். பந்தயத்துக்கு ஒதுக்கிய திடலிலேயே இவ்வாறாயின், பேருந்தும் பிள்ளைகளும் செல்லும் வீதி எம்மாத்திரம்?

சட்டமும் இவ்விடத்தில் நம்மைக் காப்பதில்லை. 100 சிசியைத் தாண்டிய எல்லா மோட்டார் சைக்கிள்களும் இங்கு ஒரே அனுமதிப்பத்திர வகுப்பில் அடங்குவன. 125 சிசி வண்டியில் தேர்ச்சி பெற்றவன் மறுநாளே 689 சிசியில் ஏறலாம். ஐரோப்பிய நாடுகளில் இளைஞருக்குரிய இடைநிலை வகுப்பில் ஆற்றல் 35 கிலோவாற்றுக்கு, அதாவது ஏறத்தாழ 47 குதிரைவலுவுக்கு மேற்படலாகாது. அப்படிநிலை இங்கு இல்லாதபோது அதை நாமே வகுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

எஞ்சியது பயன். "இவ்வண்டி எதற்கு, தம்பி?" என்று கேட்டேன். விடுமுறை நாட்களில் ஊர் சுற்ற என்றான். சற்று நேரம் கழித்து, "அம்மாவை மாதம் ஒருமுறை பதுளை ஆஸ்பத்திரிக்குக் கிளினிக் கூட்டிப் போகவும்தான்," என்றான். விவரத்தாள்களில் இல்லாத அளவுகோல் அப்போதுதான் கிடைத்தது. ஆர் 7இன் பின்னிருக்கை உயரமான சிறு மெத்தை, பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை. நிஞ்சாவின் பின்னிருக்கை சற்று மேல். ஆனால் சேலையுடுத்த தாய் ஒருபுறமாகக் கால்தொங்க அமர்வதற்கு இரண்டுமே ஏற்றவையல்ல; சேலைத்தலைப்பைச் சங்கிலியிலிருந்து காக்கும் தடுப்பு இரண்டிலும் இல்லை. அத்தேவைக்கு எளிய 125 அல்லது 150 சிசி வண்டியே தகும். மருந்து வாங்கவும் பணம் மிஞ்சும்.

ஆகவே என் தீர்ப்பு இது. பந்தயத் திடலில் பயில்வோனுக்கு ஆர் 7. பதுளை, பண்டாரவளை, வெலிமடை வீதிகளில், பெரிய வண்டியில் முன்பே பழகி, தனியே செல்வோனுக்கு நிஞ்சா. தாயையும் ஏற்றிச் செல்ல விரும்புவோனுக்கு இரண்டும் அல்ல. முதலாவதையும் மூன்றாவதையும் ஒரே வண்டியில் தேடுதல் இயலாது.

அவன் தாள்களை மடித்துக்கொண்டு, இரண்டிலும் அமர்ந்து பார்த்தபின் முடிவு செய்வதாகக் கூறிச் சென்றான். அம்முடிவு அவனுடையது, அவன் உழைத்த பணம் அது. மாணவரும் இளைஞரும் எதனை வாங்கினும், வண்டிகளை ஒன்றோடொன்று ஒப்பிடுவதோடு நில்லாது, தம் வீதியோடும் தம் காலின் நீளத்தோடும் தம்மை நம்பிப் பின்னே அமர்வோரோடும் ஒப்பிட்டுப் பார்ப்பாராக. தலைக்கவசத்துக்கான பணத்தை முதலில் எடுத்து வைத்துவிட்டு மிச்சத்தை எண்ணுவாராக.