பகடையே குடியாகும் அரசு

இடைக்கால ஐரோப்பாவின் கோட்டைகளையும் வயல்களையும் களமாகக் கொண்ட அரசாட்சி விளையாட்டுகளில், ஆள்பவர் இட்ட ஆணையைக் குடிகள் மறுக்காமல் நிறைவேற்றுவதே வழக்கம். விறகு வேண்டுமென்றால் விறகுவெட்டி காட்டுக்குப் போவான், மதில் வேண்டுமென்றால் கொத்தன் கல் அடுக்குவான். இத்தாலியைச் சேர்ந்த டெஸ்டினிபிட் நிறுவனம் உருவாக்கி, 2021 செப்டம்பரில் வெளியான ‘டைஸ் லெகசி’ என்னும் கணினி விளையாட்டு இந்த வழக்கத்தில் ஒரு மாற்றத்தைச் செய்தது. இதில் ஒவ்வொரு குடியும் ஆறு முகங்கொண்ட ஒரு பகடை. அதை உருட்டும்போது எந்த முகம் மேலே விழுகிறதோ, அந்த முகத்தில் பொறிக்கப்பட்ட வேலையை மட்டுமே அக்குடியிடமிருந்து பெற முடியும். உழவுக்கு ஆள் தேவைப்படும் நேரத்தில் கட்டுமான முகம் விழுந்தால், ஆள்பவர் தம் திட்டத்தை மாற்றிக்கொள்ள வேண்டும், அல்லது மீண்டும் உருட்ட வேண்டும்.

மீண்டும் உருட்டுவதற்கு ஒரு விலை உண்டு என்பதில்தான் இவ்விளையாட்டின் நுட்பம் அடங்கியிருக்கிறது. ஒவ்வொரு உருட்டலும் பகடையைச் சிறிது தேய்க்கிறது; தேய்மானம் முற்றினால் பகடை மடிந்துவிடும், அதாவது ஒரு குடி இறந்துவிடும். தேய்ந்த பகடையைச் சமையற்கூடத்துக்கு அனுப்பி, உணவு செலவிட்டுத் தேற்றலாம். இரண்டு பகடைகளை ஒரு வீட்டில் சேர்த்து வைத்தால் புதிய குடியானவப் பகடை ஒன்று பிறக்கும். குளிர்காலத்தில் பகடைகள் உறைந்துபோய் வேலைக்கு உதவாமல் கிடக்கும் அபாயமும் இருக்கிறது. குடியானவர், நகரத்தார், போர்வீரர், துறவியர், வணிகர் என ஐந்து வகுப்புகள் உள்ளன. வகுப்புக்கு ஏற்பப் பகடையின் முகங்களும் மாறுகின்றன. இவை அனைத்தும் ஒரு வளையத்தின் உட்புறத்தில் அமைந்த உலகில் நிகழ்கின்றன. தொலைவில் உள்ள நிலம் தொடுவானத்தில் மறையாமல் மேல்நோக்கி வளைந்து எழுவது, விளையாடியோர் பலரும் வியந்து பாராட்டிய காட்சி.

இத்தகைய விளையாட்டுகளைப் பற்றி எழும் கருத்து வேறுபாடுகளைப் புரிந்துகொள்ள, தற்செயல் இரண்டு வகைப்படும் என்பதை அறிய வேண்டும். பகடை முதலில் விழுந்து, விழுந்ததைக் கொண்டு என்ன செய்வது என்று ஆடுபவர் பின்னர் முடிவெடுத்தால், அதை முன்தற்செயல் எனலாம்; ஆடுபவர் முதலில் முடிவெடுத்து, அந்த முடிவு வெல்லுமா தோற்குமா என்பதைப் பகடை பின்னர் தீர்மானித்தால், அது பின்தற்செயல். தாயம் ஆடியவர்களுக்கு முன்னது புதிதன்று: கட்டை விழுந்த பிறகுதான் எந்தக் காயை நகர்த்துவது என்ற யோசனை தொடங்குகிறது. முன்தற்செயலில் தோற்றவர் தம் அறிவைக் குறைகூறுவார், பின்தற்செயலில் தோற்றவர் பகடையைத் திட்டுவார் என்று சற்றே மிகைப்படுத்திச் சொல்லலாம்.

டைஸ் லெகசிக்கு முன்பே பலகை விளையாட்டுகளில் இந்தச் சிக்கல் ஆராயப்பட்டிருந்தது. இத்தாலியர்களான ஆண்ட்ரியா கியார்வேசியோ, லூகா இயென்னாகோ ஆகிய இருவர் வடிவமைத்து 2007இல் வெளிவந்த ‘கிங்ஸ்பர்க்’ அவற்றுள் குறிப்பிடத்தக்கது. ஆளுக்கு மூன்று பகடைகளை உருட்டி, விழுந்த எண்களைத் தனித்தனியாகவோ கூட்டியோ பயன்படுத்தி, விதூஷகன் முதல் அரசன் வரை 1 முதல் 18 வரை எண்ணிடப்பட்ட அரசவையினரின் ஆதரவைப் பெறுவது அதன் அடிப்படை. மூன்று பகடைகளிலும் ஆறு விழுந்து கூட்டுத்தொகை 18 ஆவதற்கு 216இல் ஒரு வாய்ப்பே உண்டு. ஆனால் அப்படி அரசனைப் பெற்றவர் ஒரே ஒருவரின் உதவியுடன் அந்தப் பருவத்தை முடித்துக்கொள்ள, ஒன்றும் இரண்டும் மூன்றும் உருட்டியவர் மூன்று பேரிடம் உதவி பெற முடியும். தவிர, கூட்டுத்தொகை மிகக் குறைவாக உள்ளவரே முதலில் இடம்பிடிக்கும் உரிமை பெறுகிறார். துரதிர்ஷ்டத்துக்கு இவ்வளவு நேர்த்தியான ஈடு வேறு விளையாட்டுகளில் அரிதாகவே காணப்படும்.

எனினும் கிங்ஸ்பர்க்கில் ஒரு மூலையில் பின்தற்செயல் ஒளிந்திருந்தது. ஆண்டிறுதியில், குளிர்காலப் படையெடுப்பின்போது, அரசன் அனுப்பும் துணைப்படையின் அளவை ஒரே ஒரு பகடை தீர்மானித்தது. ஆண்டு முழுதும் கணக்குப் போட்டுச் சேர்த்த படை, அந்த ஓர் உருட்டலால் போதுமானதாகவோ போதாததாகவோ ஆகிவிடும். 2009இல் வந்த விரிவாக்கத் தொகுப்பு, அந்தப் பகடைக்குப் பதிலாக, ஆடுபவர் தாமே தேர்ந்தெடுக்கும் படைவில்லைகளைப் பயன்படுத்த வழிசெய்தது. இந்த ஏற்பாட்டைக் குறித்து விளையாடுவோரிடையே இன்னும் இரு தரப்பு உண்டு: துணைப்படை எவ்வளவு என்று தெரியாத அச்சமே குளிர்காலத்துக்குச் சுவையூட்டுகிறது என்போர் ஒரு பக்கம், திட்டமிட்டவனைப் பகடை தண்டிக்கக் கூடாது என்போர் மறுபக்கம்.

2010இல் வெளியான ‘ட்ருவா’ என்னும் விளையாட்டு, பிரான்சில் உள்ள அதே பெயர்கொண்ட நகரத்தைக் களமாகக் கொண்டு, பகடைகளைச் சமூகப் பிரிவுகளாகவே நிறம்பிரித்தது: பிரபுக்களுக்குச் சிவப்பு, குருமாருக்கு வெள்ளை, உழைப்போருக்கு மஞ்சள். அதில் பிறர் உருட்டிய பகடையைக் காசு கொடுத்து வாங்கலாம் என்பதால், நல்ல எண் விழுந்தவர் அதைத் தாமே அனுபவிப்பார் என்ற உறுதி இல்லை. அடுத்த ஆண்டு ஷ்டெஃபான் ஃபெல்ட் வடிவமைத்த ‘காஸ்ல்ஸ் ஆஃப் பர்கண்டி’ இன்னும் எளிய வழியைக் கண்டது. பணியாள் வில்லை ஒன்றைச் செலவிட்டால் பகடையின் எண்ணை ஒன்று கூட்டவோ குறைக்கவோ முடியும். தற்செயலை நீக்காமல் அதற்கு விலை குறிப்பது என்னும் இந்த வழியையே டைஸ் லெகசியும், காசுக்குப் பதில் உயிரை விலையாக வைத்து, பின்பற்றுகிறது.

ஆயினும் கணினி வடிவில் வந்த இந்த விளையாட்டைப் பற்றிய கருத்துகள் ஒருமித்திருக்கவில்லை. புதுமையையும் தோற்றத்தையும் மெச்சியவர்களே, நேரம் நிற்காமல் ஓட ஓட, வேலை முடித்துத் திரும்பும் பகடைகளை ஓயாமல் எடுத்து உருட்டி மீண்டும் பணியிடங்களில் வைக்கும் சலிப்பையும் குறிப்பிட்டனர். இந்தக் குறைக்கு அதிர்ஷ்டத்தைக் காரணமாகச் சொல்வோர் உண்டு. கணக்கு வேறொன்றைக் காட்டுகிறது. ஆறு முகங்களும் வெவ்வேறானவை என்று கொண்டால், ஒரே பகடையை மூன்று முறை உருட்டியும் வேண்டிய முகம் விழுவதற்கு ஏறத்தாழ 42 விழுக்காடு வாய்ப்பே உண்டு. ஐந்து பகடைகள் இருந்தால், ஒரே உருட்டலில் அவற்றுள் ஒன்றிலேனும் அந்த முகம் விழும் வாய்ப்பு 60 விழுக்காட்டை நெருங்குகிறது. பன்னிரண்டு பகடைகளில் அது 89 விழுக்காடு. ஆகவே குடிகள் சிலரே இருக்கும் தொடக்கத்தில் ஒவ்வொரு உருட்டலும் நெஞ்சைப் பிடிக்க வைக்கிறது, அரசு பெருகப் பெருகத் தற்செயல் தானாகவே தணிந்து, உருட்டும் உழைப்பு மட்டும் மிஞ்சுகிறது. பகடையைத் திட்டுவோர் தொடக்கத்தைப் பற்றிப் பேசுகின்றனர், சலிப்பைச் சொல்வோர் பிற்பகுதியைப் பற்றிப் பேசுகின்றனர். பின்னவரின் குறையே வலுவானது, ஏனெனில் பலகையில் நான்கைந்து பகடைகளைக் கையால் உருட்டும் இன்பம், திரையில் நூறாவது முறை சுட்டியை அழுத்தும்போது கிடைப்பதில்லை.

தொடக்கத்தின் கடுமையைச் சமாளிக்க ஒரு வழி உண்டு: தேய்ந்த பகடையில் வேண்டாத முகம் விழுந்தால், உருட்டாமல் அந்த முகத்துக்கு ஏற்ற இரண்டாந்தர வேலையைத் தேடிக் கொடுத்துவிட்டு, உருட்டலைப் புதிதாகப் பிறந்த பகடைகளுக்கு ஒதுக்குவது. அதனால் களஞ்சியத்தில் தேவைக்கு மேல் விறகு சேரும், கட்டத் திட்டமிட்ட மதில் ஒரு பருவம் தள்ளிப்போகும். ஆனால் குளிர்காலம் வரும்போது பகடைகளின் எண்ணிக்கை குறையாமல் இருக்கும்.